வெறும் தண்ணீரில் வந்தவர்

கருவிகளைப் பற்றிச் சொல்லித்தர உங்களுக்கு ஆட்கள் இருக்கிறார்கள். எதை எப்படித் துடைப்பது, எந்த ரசாயனத்தை எந்தத் தட்டில் வைப்பது என்பதெல்லாம் கொஞ்ச நாளில் கைப்பழக்கமாகிவிடும். ஓய்வு பெற்றுத் தென்காசியில் வீட்டோடு இருக்கிற என்னிடம், புதிதாக வந்திருப்பவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். கைப்பழக்கத்தால் வராத ஒரு விஷயத்தை எழுதலாம் என்று நினைத்தேன்.

நம் வேலை உங்களுக்குத் தெரியும். குற்றாலத்துக்கு மேலே, குளிக்க வருகிறவர்கள் ஏறாத காட்டுக்குள் ஓடுகிற ஓடைகளில் என்னென்ன மீன், என்னென்ன தவளை இருக்கின்றன என்று பார்க்கிறோம். வலை போடுவதில்லை. தண்ணீரில் இறங்குகிற எந்த உயிரும் தன்னைக் கொஞ்சம் கொஞ்சமாக அதில் விட்டுக்கொண்டே இருக்கும். செதில், தோல், எச்சில், கழிவு. அந்தத் தண்ணீரை மெல்லிய வடிதாள் வழியாக விட்டு, தாளில் தங்கியதிலிருந்து டி.என்.ஏ.யைப் பிரித்துப் படித்தால், அந்த ஓடையில் யார் யார் இறங்கினார்கள் என்று தெரியும். கண்ணால் பார்க்காத உயிரை, அது போன பிறகு, இன்னார் என்று சொல்கிற வேலை.

ஓடைத் தண்ணீர் டியூபுகளோடு ஒவ்வொரு முறையும் ஒரு டியூபில் காய்ச்சி வடித்த வெறும் தண்ணீரையும் வைக்கிறோம். பிளாங்க் என்கிறோம். மற்ற டியூபுகளுக்குச் செய்வது எல்லாவற்றையும் அதற்கும் செய்வோம். அதில் ஒன்றும் வரக் கூடாது. வந்தால், அது ஓடையிலிருந்து வரவில்லை, நம் கையிலிருந்தோ நம் பாட்டிலிலிருந்தோ வந்திருக்கிறது என்று அர்த்தம். பூட்டிக் கிடக்கிற வீட்டுக்குள்ளிருந்து யாரோ இருமுவது கேட்டால் எப்படி இருக்கும், அப்படி இருக்கும் பிளாங்க்கில் ஏதாவது வருகிற நாள்.

எனக்கு அப்படி ஒரு நாள் வந்தது.

அப்போது எங்கள் ஆய்வகத்தில் பேச்சிமுத்து என்று ஒரு டெக்னீஷியன் இருந்தார். கீழப்பாவூர்க்காரர். நாற்பதைத் தாண்டியவர். கரைசல்கள் கலப்பது, தண்ணீர் எடுத்து வருவது இரண்டும் அவர் பொறுப்பு. அவருடைய தம்பி மாடசாமி போலீஸில் இருந்தான். மனைவி இசக்கி வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருந்தாள். ஆய்வகத்தில் பாதிப் பேருடைய ரவிக்கை அவள் தைத்ததுதான், என்னுடையதும்.

ஆடி மாதம், நல்ல சீசன். பேச்சிமுத்துவும் வனத்துறைக் காவலர்கள் இரண்டு பேரும் மேல் ஓடைகளில் தண்ணீர் எடுக்கப் போனார்கள். அங்கே சாரல்தான் விழுந்துகொண்டிருந்தது. மலை உச்சியில் பெய்தது அவர்களுக்குத் தெரியவில்லை. கடைசி ஓடையில் நிற்கும்போது தண்ணீரின் நிறம் மாறியது. காவலர்கள் கத்திக்கொண்டே கரையேறினார்கள். பேச்சிமுத்துவும் ஏறிவிட்டார். அன்று எடுத்த பாட்டில்கள் இருந்த பெட்டி கீழே பாறையில் இருந்தது. அதை எடுக்கக் குனிந்தவரைக் காவலர்கள் பார்த்திருக்கிறார்கள். நிமிர்ந்ததைப் பார்க்கவில்லை.

பல நாள் தேடினார்கள். தீயணைப்புத் துறை, வனத்துறை, ஊர்ப் பையன்கள் எல்லாரும் தேடினார்கள். பெரிய அருவிக்குக் கீழே எங்கள் பாட்டில் ஒன்று கிடைத்தது. ஆள் கிடைக்கவில்லை. சொந்தக்காரர்கள் இசக்கியைச் சுற்றி உட்கார்ந்து, காரியத்தை முடித்துவிடலாம் என்று சொல்லிப் பார்த்தார்கள். அவள் ஒரே பதிலைத்தான் சொன்னாள்.

"ஆளக் காட்டுங்க. பெறவு நீங்க என்ன சொல்லுதீங்களோ அதச் செய்யுதேன்."

பொட்டு வைத்துக்கொண்டே இருந்தாள். மெஷினில் உட்கார்ந்து தைத்துக்கொண்டும் இருந்தாள்.

சில வாரங்கள் கழித்து வேலையை மறுபடி தொடங்கினோம். வேறு வழியில்லை. சீசன் போனால் ஓடைகள் வற்றிவிடும். ஷமீமா என்ற ஆராய்ச்சி மாணவி அப்போது என்னோடு இருந்தாள். தென்காசிப் பெண், எந்த வேலையையும் இரண்டு தடவை சரிபார்க்கிறவள். புதிதாக எடுத்த தண்ணீரை அவள்தான் ஆராய்ந்தாள்.

ஒரு நாள் காலை என் அறை வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"மேடம், ஒரு வாட்டி வந்து பாக்கீங்களா?"

"என்ன வந்திருக்கு?"

"நீங்களே பாருங்க. நான் சொல்ல மாட்டேன்."

மீன், தவளை தவிர மனித டி.என்.ஏ.யும் கொஞ்சம் வருவது வழக்கம். தண்ணீர் எடுக்கிறவர்களுடையது, டியூபைத் திறக்கிறவர்களுடையது. அதை ஒதுக்கிவிடுவோம். இந்த முறை அது அளவுக்கு மீறி வந்திருந்தது. எங்களில் யார் கவனக்குறைவாக இருந்தோம் என்று கண்டுபிடிக்க, ஆய்வகத்தில் எல்லாருடைய டி.என்.ஏ. அடையாளத்தையும் கணினியில் வைத்திருப்போம். ஷமீமா ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறாள். அவளுடையது இல்லை. என்னுடையது இல்லை. திரையில் பேச்சிமுத்துவின் பெயர் இருந்தது.

எல்லா ஓடையிலும் இருந்தது. அவர் விழுந்த ஓடையில், அதற்குப் பக்கத்து ஓடையில், மலையின் மறுபக்கம் செங்கோட்டையைப் பார்த்து இறங்குகிற ஓடையில் கூட. ஒரு பள்ளத்து ஓடையில் மட்டும் மற்ற இடங்களைவிட மிக அதிகம்.

பக்கத்து அறையில் ஃப்ரீசர் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அன்று மதியம் சாப்பாட்டு வேளையில் யாரும் மலையிலிருந்து வருகிற குழாய்த் தண்ணீரைக் குடிக்கவில்லை என்பதைக் கவனித்தேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. நானும் குடிக்கவில்லை. கூட்டுகிற பெண், பேச்சிமுத்து கரைசல் கலக்கிற அறைக்குள் போக மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அவருடைய செருப்பு, உள்ளே போட்டுக்கொள்கிற நீல ரப்பர்ச் செருப்பு, அந்த அறை வாசலில்தான் கிடந்தது. அவர் போன பிறகு அதை எடுத்து வைக்க யாருக்கும் மனம் வரவில்லை. அது அப்போது வாசலைப் பார்த்துத் திரும்பிக் கிடந்தது. யார் கால் பட்டதோ.

செய்தி எப்படி வெளியே போனது என்று கடைசிவரை தெரியவில்லை. மறுநாள் காலை மாடசாமி வந்து நின்றான். கூட ஊர்ப் பையன்கள், கயிறு, டார்ச், ஒரு ஜீப். வனத்துறை ரேஞ்சரும் வந்திருந்தார். பின்னால் இசக்கி, குடையை மடக்கிப் பிடித்துக்கொண்டு.

மாடசாமி நேராக விஷயத்துக்கு வந்தான். "மேடம், அண்ணன் தண்ணில வந்துட்டான்னு சொல்லுதாங்க. உண்மையா?"

"அவரு டி.என்.ஏ. வந்திருக்கு."

"எந்த ஓடையில கூடுதல்?"

என் பதிலுக்கு அவன் காத்திருக்கவில்லை. அவன் கேட்டு வைத்திருந்தான். "அந்தப் பள்ளத்து ஓடைதான? அங்கன நாங்க தேடவே இல்ல. பாறை வழுக்கும், எறங்க முடியாதுன்னு விட்டுட்டோம். அங்கனதான் அவன் கெடக்கான். மழை விட்டிருக்கு மேடம். இப்ப விட்டா மறுபடி எப்ப விடும்னு தெரியாது."

உண்மைதான். பல நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் மலை தெளிவாகத் தெரிந்தது. ஜன்னல் வழியாக அருவியின் வெள்ளைக் கோடு வரைக்கும் தெரிந்தது.

ரேஞ்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அந்தப் பள்ளத்துல இந்த நேரத்துல ஆள விடுறது எனக்குப் பயமாத்தான் இருக்கு. ஆனா ஆள் அங்கதான் இருக்காருன்னு உங்க லேப் சொன்னா, நான் காட்டுக்குள்ள போற கேட்டைத் திறந்துவிடுறேன். சொல்லலைன்னா திறக்க மாட்டேன். நீங்க சொல்லுங்க."

அவர் மீது தப்பில்லை. அவருக்கு ஒரு வார்த்தை வேண்டியிருந்தது. அந்த வார்த்தை என்னிடம் இருப்பதாக எல்லாரும் நினைத்தார்கள்.

என்னிடம் இல்லாதது ஒன்று இருந்தது. பிளாங்க்கின் முடிவு வரவில்லை. டியூபுகள் அதிகமாக இருந்ததால் ஷமீமா இரண்டு தொகுதியாகப் பிரித்து ஓட்டியிருந்தாள். பிளாங்க் இரண்டாவது தொகுதியில் இருந்தது. அது இன்னும் கருவிக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

"மதியம் வரை பொறுக்கணும்," என்றேன்.

"எதுக்கு?" என்றான் மாடசாமி. சத்தம் உயரவில்லை, முகம் மட்டும் மாறியது. "பேரு வந்துட்டுல்லா? இன்னும் என்ன வரணும்?"

"வெறும் தண்ணி வெச்ச டியூப் ஒண்ணு இருக்கு. அதோட முடிவு வரணும்."

"வெறுந்தண்ணில என்ன மேடம் இருக்கும்?"

பின்னால் நின்ற இசக்கி முன்னால் வந்தாள். "நீ சும்மா இரு மாடசாமி. அக்கா, அந்த வெறுந்தண்ணிய வெச்சு உங்களுக்கு என்ன தெரியும்?"

எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். அவளிடம் சுற்றி வளைக்க முடியாது.

"அந்தத் தண்ணி ஓடையையே பாத்ததில்ல, இசக்கி. இங்கனயே காய்ச்சி, இங்கனயே வெச்சது. அதுல அவரு இல்லைன்னா, ஓடையிலதான் இருக்காரு. அதுலயும் அவரு இருந்தார்னா..."

"இருந்தார்னா?"

"ஓடையில இருந்து வரல. இந்த ரூமுக்குள்ள இருந்து வந்திருக்காருன்னு அர்த்தம்."

பையன்களில் ஒருவன் கரைசல் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். இசக்கி பார்க்கவில்லை. வராந்தா பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

"நான் இருக்கேன். வரட்டும்," என்றாள்.

அந்தக் காலை நேரம் நகர்ந்த மாதிரி எந்த நேரமும் நகர்ந்ததில்லை. மாடசாமி வாசலுக்கும் ஜீப்புக்கும் நடந்துகொண்டிருந்தான். அடிக்கடி மலையைப் பார்த்தான். நான் கருவி முன்னால் உட்கார்ந்திருந்தேன். அந்த முடிவு எப்படி வர வேண்டும் என்று நான் விரும்பினேன் என்பதை உங்களிடம் மறைக்க வேண்டியதில்லை. பிளாங்க் சுத்தமாக வரட்டும் என்றுதான் விரும்பினேன். அவர் ஓடையில் இருக்கட்டும். அவளிடம் ஒரு உடலைக் கொடுத்துவிடலாம்.

முடிவு வந்தது. வெறும் தண்ணீரில் அவர் இருந்தார். பள்ளத்து ஓடையில் எவ்வளவு இருந்தாரோ, கிட்டத்தட்ட அவ்வளவு.

ஷமீமா என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள். மெதுவாகச் சொன்னாள்: "மேடம், ரெண்டும் உண்மையா இருக்கலாம்ல? இங்கயும் இருக்கலாம், ஓடையிலயும் இருக்கலாம்."

அவள் சொன்னது தப்பில்லை. அதனால்தான் அது ஆபத்தானது. உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரும். நீங்கள் விரும்புகிற முடிவு பொய் என்று நிரூபணம் ஆகியிருக்காது, அதற்கான ஆதாரம்தான் போயிருக்கும். இரண்டும் ஒன்றில்லை என்று மனது வாதாடும். ஆள் இருக்கலாம் என்பதை வைத்துக்கொண்டு உயிரோடு இருக்கிற பையன்களை அந்தப் பாறையில் இறக்க முடியாது. எனக்கு அப்போது தெரிந்தது அவ்வளவுதான்.

வெளியே வந்து சொன்னேன். மாடசாமி என் முகத்தையே பார்த்தான்.

"அப்ப அண்ணன் அங்கன இல்லைன்னு சொல்லுதீங்களா?"

"இல்லைன்னும் சொல்லல. இந்தச் சோதனைக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லுதேன்."

"நேத்து தெரிஞ்சது இன்னைக்கு எப்படித் தெரியாமப் போவும்?"

"நேத்தும் தெரியல. தெரிஞ்ச மாதிரி இருந்திச்சு."

ரேஞ்சர் ஜீப்பை நோக்கி நடந்தார். மாடசாமி தோளிலிருந்த கயிற்றைக் கழற்றித் தரையில் போட்டான். "எங்க வீட்ல ஒருத்தன் போயிருக்கான். ஒங்களுக்கு டியூப்புதான் பெருசு," என்றான். இசக்கி அவன் முழங்கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனாள்.

அன்று வெள்ளம் வந்ததா என்று கேட்பீர்கள். வரவில்லை. நாள் முழுக்க வெயில் அடித்தது. அருவியில் கூட்டம் குளித்தது. பள்ளத்தில் இறங்கியிருந்தால் பத்திரமாக ஏறி வந்திருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். சாயங்காலம் வரைக்கும் மலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு கறுத்த மேகம் வந்தாலும் போதும் என்று இருந்தது. நீங்கள் சரியாக முடிவெடுத்த நாளில், அது சரிதான் என்று சொல்ல வானம் கறுக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

அடுத்த நாளிலிருந்து தேட ஆரம்பித்தோம், அவர் எங்கிருந்து வந்தார் என்று. கட்டிடத்தின் மறுகோடியில் ஒரு அறையைக் கழுவிச் சுத்தம் செய்தோம். முத்திரை உடைக்காத புது ரசாயனங்களை எடுத்தோம். ஓடைகளில் மறுபடி தண்ணீர் எடுத்தோம். எல்லா ஓடையிலும் மீன் வந்தது, தவளை வந்தது. அவர் வரவில்லை. பள்ளத்து ஓடையிலும் வரவில்லை. பிறகு பழைய பாட்டில்களை ஒவ்வொன்றாகச் சோதித்தோம். டி.என்.ஏ.யைப் பிரிக்கும்போது ஊற்றுகிற ஒரு பஃபர் கரைசலில் இருந்தார். சீசனுக்கு முன்னால் மொத்தமாகக் கலந்து, சின்னச் சின்ன பாட்டில்களில் ஊற்றி, தன் கையெழுத்தில் பெயர் ஒட்டி அவர் அடுக்கி வைத்துவிட்டுப் போனது. அவர் போன பிறகு நாங்கள் அதைத்தான் எடுத்து எடுத்து ஒவ்வொரு டியூபிலும் ஊற்றிக்கொண்டிருந்தோம். ஓடைக்கு ஓடை அளவு வித்தியாசப்பட்டதற்குக் கூட மலை காரணமில்லை. எந்த டியூபுக்கு எந்த பாட்டில் வந்தது என்பதுதான்.

எப்படி உள்ளே போனார் என்பதில் ஷமீமாவுக்குச் சந்தேகமே இல்லை. "அவரு பாடுவாருல்லா மேடம், கலக்கும்போது. மாஸ்க்க எறக்கிவிட்டுட்டு." நானும் கேட்டிருக்கிறேன். கதவு சாத்தியிருந்தாலும் வெளியே கேட்கும். பாடுகிறவர் வாயிலிருந்து தெறிப்பது கண்ணுக்குத் தெரியாது.

சில நாள் கழித்து இசக்கி தனியாக வந்தாள். எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். அவள் கடைசி விஷயத்தில் நின்றுவிட்டாள்.

"பாடுவாரா?"

"ஆமா. உனக்குத் தெரியாதா?"

"வீட்ல ஒரு நா கூடப் பாடுனதில்லையே அக்கா. கல்யாணமாகி இத்தன வருசத்துல ஒரு வாட்டி கூட இல்ல."

அவள் அந்த பாட்டிலைப் பார்க்க வேண்டும் என்றாள். எடுத்துக் கொடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். சாய்த்துப் பார்த்தாள்.

"ஒண்ணும் தெரியல."

"தெரியாது."

"என்ன பாட்டு பாடுவாரு?"

ஷமீமாவைக் கூப்பிட்டேன். அவள் கூச்சப்பட்டுக்கொண்டு இரண்டு வரியை முணுமுணுத்தாள். ஒரு பழைய சினிமாப் பாட்டு. இசக்கி தலையைக் குனிந்து கேட்டாள். முடிந்ததும் பாட்டிலை என் மேஜையில் வைத்தாள்.

"இத நீங்க என்ன செய்வீங்களோ செஞ்சிக்கிடுங்க. இதுல இருக்கறது நான் பாத்த ஆள் இல்ல," என்றாள். வருத்தமாகச் சொன்னாளா, கோபமாகச் சொன்னாளா என்று இன்றைக்கும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அந்த மாதமே காரியத்தை முடித்தார்கள். உடல் இல்லாததால் தர்ப்பையில் உருவம் செய்து சிதை மூட்டினார்கள் என்று கேள்விப்பட்டேன். பாட்டில்களை விதிப்படி அழித்தோம்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னால், அடுத்த வருஷச் சீசன் ஓய்ந்த நேரத்தில், ஷமீமா மறுபடியும் என் அறை வாசலில் வந்து நின்றாள். முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

பள்ளத்து ஓடை. ரொம்பக் கொஞ்சம். ஆனால் அவர் பெயர். ஒவ்வொரு பாட்டிலும் புதிது. அவர் கை பட்ட எதுவும் அந்தக் கட்டிடத்திலேயே இல்லை.

"பிளாங்க்?" என்று கேட்டேன்.

"சுத்தம் மேடம். மூணு வாட்டி பாத்துட்டேன்."

அந்த வரியை நானே இன்னொரு தடவை படித்தேன். பிறகுதான் நிதானமாக யோசிக்க முடிந்தது. நாங்கள் ஒப்பிட்டுப் பார்க்கிற டி.என்.ஏ. துண்டு தாய்வழியில் வருவது. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் எல்லாருக்கும் அது ஒன்றாகவே இருக்கும். பேச்சிமுத்துவுடையது என்று கணினி சொன்னால், அதே அளவுக்கு அது மாடசாமியுடையதும்தான்.

நான் கீழப்பாவூருக்குப் போனேன். மாடசாமி வீட்டில் இருந்தான். அன்றைக்குப் பிறகு நாங்கள் பேசிக்கொண்டதில்லை. நாற்காலி எடுத்துப் போட்டான்.

"நீ அந்தப் பள்ளத்துக்குப் போனியா?" என்று கேட்டேன்.

குரலைத் தாழ்த்திச் சொன்னான். "லீவு கெடச்சா போவேன் மேடம். மேல கோயிலுக்கு ஆள் விடுத அன்னைக்குப் போயி, அங்க இருந்து தனியா எறங்கிருவேன். தண்ணி வத்துனப்பெறவு வழி இருக்கு. தேடிப் பாப்பேன். ஒண்ணும் கெடைக்கல. செத்த நேரம் ஓடையில கால நனச்சிக்கிட்டு உக்காந்திருந்துட்டு வருவேன். ரேஞ்சருக்குத் தெரியாது. சொல்லிராதீங்க."

நான் வந்த காரணத்தைச் சொன்னேன். இந்தத் தடவை வெறும் தண்ணீர் சுத்தமாக இருக்கிறது என்று சொன்னேன். ஓடையில் வந்திருப்பது அண்ணனாகவும் இருக்கலாம், கால் நனைத்துவிட்டு வந்த நீயாகவும் இருக்கலாம் என்று சொன்னேன். பிரித்துப் பார்க்க இந்தச் சோதனையில் வழி இல்லை. ஆனால் அதைவிட நுட்பமான ஒன்று இருக்கிறது, வடிதாளில் இன்னும் மிச்சம் இருக்கிறது, வெளியூர்ப் பெரிய ஆய்வகத்துக்கு அனுப்பினால் ஒருவேளை பிரித்துச் சொல்லிவிடுவார்கள். நீ சரி என்றால் அனுப்புகிறேன் என்றேன்.

உள்ளே அவனுடைய பிள்ளைகள் டிவி பார்த்துக்கொண்டிருக்கிற சத்தம் கேட்டது. அவன் தன் இரண்டு பாதங்களையும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"பிரிக்க வேண்டாம் மேடம்," என்றான்.